பெயர் யாருக்கு?

ஏட்டிலே அச்சேறிவிட்டது என்பதற்காக எதையும் மெய்யென்று ஏற்பவரல்லர் நாம். அச்சிட்டவர் யார், மறைக்கப்பட்டவர் யார் என்று கேட்பவர்கள். இசைத்தாளின் தலைப்பைக் காணும்போதும் அந்தக் கேள்வியை விட்டுவிடலாகாது, தோழர்களே!

1963-இல் பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது 'டாக்டர் ஹூ' என்னும் தொடர். அதன் முகப்பு இசையை மாணவர் இசைக்குழு ஒன்றுக்கென அமைத்துத்தர முற்படுகிறான் ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். தாளின் மேலே, 'இயற்றியவர்: ரான் கிரெய்னர்' என்று எழுதுகிறான். பிறகு எண்ணுகிறான்: வழுக்கி ஏறும் அந்த விந்தை ஒலியை, வயலின் கம்பியில் விரலை நழுவவிட்டு எழுப்பலாமா? துள்ளி ஓடும் அடியொலியைச் செல்லோவிடம் தருவதா, டபுள் பாசிடம் தருவதா?

மெட்டு கிரெய்னருடையது; மறுக்கவில்லை. ஆனால், இளைஞன் கருவி கருவியாகத் தேடுகிறானே, அந்த ஒலி? அதை ஆக்கியவர் டீலியா டார்பிஷயர் என்னும் பெண்மணி. கணிதமும் இசையும் கற்றவர். மீட்டிய கம்பியின் ஒலியையும், மின் அலையியற்றியின் ஒலியையும் நாடாவில் பதிந்து, வேகத்தை மாற்றி, துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டி ஒட்டி உருவாக்கினார். கேட்டு வியந்த கிரெய்னர், இயற்றியவர் என்ற உரிமையில் அவருக்கும் பங்கு தர விரும்பினார். நிறுவன விதி இடந்தரவில்லை. டார்பிஷயர் 2001-இல் மறைந்தார். தொடரின் திரையில் அவர் பெயர் ஏறியதோ 2013-இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில்!

"சம்பளம் பெற்றாரே, போதாதா?" என்பர் சிலர். சம்பளம் உழைப்புக்குத் தரும் விலை. அதைக் கொடுத்துவிட்டால், செய்தவர் யார் என்ற உண்மையை மறைக்கும் உரிமையும் கைக்கு வந்துவிடுமா? மண்டபம் எழுப்பிய கொத்தனை மறந்து, ஆணையிட்ட மன்னனை மட்டும் பாடும் பழக்கமன்றோ இது!

"மெட்டு இல்லையேல் ஒலி ஏது?" என்பர் வேறு சிலர். மெய்தான். அதனால்தான் கிரெய்னரின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அருகே இன்னொரு பெயரையும் எழுதச் சொல்கிறோம். சட்டம் ஒருவரை மட்டும் உரிமையாளர் என்று குறிக்கலாம். உண்மையைச் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் மாணவனின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நாளை, அவன் இரவெல்லாம் விழித்து அமைத்த இசையை மேடையில் வாசிப்பார்கள். 'அமைத்தவர்' என்று தன் பெயரையும் காண அவன் விரும்புவான், அது நியாயமே. தனக்கு வேண்டும் நியாயத்தை டார்பிஷயருக்கும் வழங்கட்டும். தாளின் மேலே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அதில் அவர் பெயரை எழுதிவிட்டு, பிறகு வயலின் பகுதியைத் தொடங்கட்டும்.