ஆறாம் வேற்றுமையும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

‘சாத்தனது கை’ என்பதற்கும் ‘சாத்தனது பசு’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிவர். முன்னையது தற்கிழமை, பின்னையது பிறிதின்கிழமை. கை சாத்தனைவிட்டுப் பிரியாதது. பசுவோ நாளைக்கே சந்தைக்குப் போகலாம்; வேறொருவன் கயிற்றைப் பிடிக்கலாம். ஒரே ‘அது’ உருபு இரண்டையும் தாங்கி நிற்கிறது. இதனை வகுப்பறையில் ஐந்து நிமிடத்திற் சொல்லி முடித்து, அடுத்த சூத்திரத்துக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் இவ்விரு கிழமைகளுக்கும் நடுவே ஏதேனும் உண்டா? பணங்கொடுத்து வாங்கியதனால் மட்டும் ஒரு பொருள் என்னுடையதாகிவிடுமா? வாங்கியபின் அதற்கு நான் செய்யும் உழைப்பு அக்கிழமையின் தன்மையை மாற்றுமா? இவை இலக்கண வினாக்கள் மட்டுமல்ல, அறவியல் வினாக்கள், அரசியல் வினாக்களுங்கூட.

இவ்வினாக்களைக் காற்றிலே நிறுத்தி ஆராய்வதிற் பயனில்லை. ஆகவே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில், கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ என்னும் சிற்றூரில், மோட்டோ கூட்ஸி நிறுவனம் 1950இல் வெளியிட்ட பால்கோனே என்ற மோட்டார் சைக்கிள் அப்பொருளாகுக. (பாடசாலைக்குச் சைக்கிளிற் செல்லும் ஒருவன் இதனை ஏன் தெரிந்தெடுத்தான் என்று நண்பர்கள் நகைக்கலாம். உடைமை பற்றிப் பேசுவதற்கு, தனக்கு ஆசையில்லாத பொருளை எடுத்துக்கொள்வது ஒருவகையில் நல்லதே.)

முதலில் இப்பொருள் பிறந்த சூழலைச் சற்று நோக்குதல் வேண்டும். போருக்குப் பிந்திய இத்தாலியில் மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. குண்டுவீச்சு விமானங்கள் செய்த பொந்தேதேராத் தொழிற்சாலை 1946இல் வெஸ்பா என்ற ஸ்கூட்டரைச் செய்தது. வானொலி உறுப்புகள் செய்துவந்து, 1944 ஒக்டோபரில் குண்டுக்கு இரையான பொலோஞ்ஞாவின் டுக்காட்டித் தொழிற்சாலை, சாதாரண சைக்கிளிற் பொருத்தத்தக்க ‘குச்சியோலோ’ என்னும் சிறு எஞ்சினைச் செய்யத் தலைப்பட்டது. குச்சியோலோ என்றால் நாய்க்குட்டி. மாண்டெல்லோவிலிருந்து 65 கன சென்றிமீற்றர் அளவுள்ள சிறு வண்டி ஒன்றும் அதே 1946இல் வெளிவந்தது. உடைந்த ரயில் பாதைகளும் வெறும் பைகளும் உள்ள நாட்டில், தொழிலாளி வேலைக்குப் போவதற்கு இவை வழிசெய்தன. பால்கோனே இந்தச் சிறு வண்டிகளின் வரிசையைச் சேர்ந்ததன்று. அது 500 கன சென்றிமீற்றர் வண்டி, பொலிசாரும் கராபினியேரியும் ஏறிச்சென்ற வண்டி, வசதியுள்ளவன் வாங்கியது. இதனை மறைத்துவிட்டு அவ்வண்டியைப் பாமரர் வாகனமாக்கிப் பாடுவது பொய்யாகும். 1957இல் சிறிய பியற் கார் வந்தபின் சாதாரண குடும்பங்கள் மோட்டார் சைக்கிளைக் கைவிடத் தொடங்கின. 1967இல் மோட்டோ கூட்ஸி நிறுவனமே கைமாற நேர்ந்தது.

இனி அந்த எஞ்சினைப் பார்ப்போம். ஒரே சிலிண்டர். அது நிமிர்ந்து நில்லாமல் முன்னோக்கிக் கிடையாகப் படுத்திருக்கிறது. ஓடும்போது காற்று நேரே அதன் தலையிலே மோதிக் குளிர்விக்கும். 1921இல் நிறுவனம் தொடங்கியபோது கார்லோ கூட்ஸி வகுத்த அமைப்பு இது. அடிப்படை மாறாமல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. பெரிய சமநிலைச் சக்கரம் எஞ்சின் பெட்டிக்குள் ஒளிந்திராமல், இடப்புறத்தில் வெளியே வெட்டவெளிச்சமாகச் சுழல்கிறது. அச்சக்கரத்தின் கனத்தினால் எஞ்சின் மிகமெதுவாக, ஒவ்வொரு அடியையும் காதால் எண்ணத்தக்கவாறு இயங்கும்.

இதனைக் கிளப்புவதே ஒரு கல்வி. பெற்றோல் குழாயைத் திறக்க வேண்டும். காபரேற்றரின் சிறு ஊசியை அழுத்திப் பெற்றோல் கசியும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பிடியருகே உள்ள நெம்பினால் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ள வேண்டும். அதனை மறந்தவனை உதைகோல் திருப்பி உதைக்கும். அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்பைப் பிடித்துப் பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து, பின் ஒரே உதை. பதறாத, முழுமையான உதை. எஞ்சின் பேசத் தொடங்கியதும் தீப்பொறியைச் சிறிது சிறிதாக முன்தள்ள வேண்டும். ஏற்றத்தில் ஒருமாதிரியும் சமதரையில் ஒருமாதிரியும் அந்நெம்பு கேட்கும். இன்றைய வண்டிகளில் இவ்வளவையும் மின்னணுப் பெட்டி ஒன்று செய்துவிடுகிறது. அது நன்றாகவே செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓட்டுபவன் இங்கே வெறும் பயணியல்லன். எஞ்சினின் ஓர் உறுப்பாகவே தொழிற்படுகிறான். வால்வு இடைவெளியைத் தகட்டளவியால் அளந்து திருத்துவதும், மக்னீற்றோவின் முனைகளைத் துடைப்பதும், எண்ணெய் மாற்றுவதும் அவன் வேலையே. அக்காலத்து வண்டியோடு வந்த கைந்நூலும் ஆயுதப் பையும், வாங்குபவன் அதனைத் திறப்பான் என்ற எதிர்பார்ப்பிலே கொடுக்கப்பட்டவை. செய்தவன் வாங்கியவனிடம் அறிவையுஞ் சேர்த்துக் கொடுத்தான். இன்று விற்கப்படும் பல பொருள்கள் ஒட்டப்பட்டும் பூட்டப்பட்டும் வருகின்றன; அவற்றை நாம் வாங்குகிறோம், ஆனால் திறக்கும் உரிமை விற்றவனிடமே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை பற்றி ஒரு பணிப்புரையைச் சட்டமாக்க வேண்டியிருந்தது. தன் வீட்டுச் சலவை இயந்திரத்தைத் திருத்துவிக்க ஒருவனுக்குச் சட்டம் துணைநிற்க வேண்டுமெனில், அவனுக்கு அதன்மீதுள்ளது என்ன கிழமை? பிறிதின்கிழமை என்று சொல்லவும் நா கூசுகிறது.

ஆகவே பராமரிப்பு உடைமையை ஆழப்படுத்துகிறது என்று சொல்லத் தோன்றும். பலர் அவ்வாறே சொல்லி, அத்துடன் நின்றும்விடுகின்றனர். பழைய வண்டியைப் பேணுபவன் அதிலே தன் உழைப்பைக் கலக்கிறான். உழைப்பைக் கலந்த பொருள் உழைத்தவனுக்கு உரியது. ஆகவே அது மெய்யாகவே அவனுடையது. இவ்வாதத்தின் வேர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜோன் லொக்கிடம் உள்ளது. வாதம் கவர்ச்சியானதுதான். ஆனால் இதனை ஏற்பவன் இன்னும் ஓரடி எடுத்துவைக்கக் கடமைப்பட்டவன். உழைப்பைக் கலத்தல் உரிமை தருமாயின், முதன்முதல் உழைப்பைக் கலந்தவர் யார்? அச்சக்கரத்தை வார்த்தவர், அச்சுத்தண்டைக் கடைந்தவர், சட்டத்தைப் பற்றவைத்தவர். அவர்களது உழைப்புக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் மாற்றுபவனின் உழைப்பு எம்மாத்திரம்? அவர்களுக்குக் கூலி கிடைத்தது. கணக்குத் தீர்ந்தது என்பது முதலாளியின் விடை. லொக்கின் வாதத்தைக் கையிலெடுத்தவன் அவ்விடையைச் சொல்ல முடியாது.

நிறுவனத்தின் சின்னமாகிய கழுகு, 1919இல் விமான விபத்தில் இறந்த ஜியோவன்னி ரவெல்லி என்ற விமானியின் நினைவாக வைக்கப்பட்டது. கூட்ஸியும் பரோடியும் அவனும் நண்பர்கள். சேர்ந்து கம்பனி தொடங்க எண்ணியவர்கள். நட்பின் நினைவு போற்றத்தக்கதே. ஆயினும் மாண்டெல்லோவின் தொழிலாளர் பெயர் எந்த வண்டியிலும் இல்லை. அவர்களுள் நால்வர் பெயர் உலகப் பதிவேட்டில் உண்டு. ஏன் தெரியுமா? 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், தொழிற்சாலையின் படகுக் கழகத்துக்காகத் துடுப்பு வலித்த அந்நால்வரும் தங்கப் பதக்கம் வென்றார்கள். மொயோலி, மொரில்லே, இன்வெர்னிட்ஸி, பாஜ்ஜி. கடைசல் யந்திரத்தின் முன் நின்ற ஆண்டுகள் அவர்களுக்குப் பெயர் தரவில்லை. ஏரியிலே வலித்த துடுப்பே பெயர் தந்தது. இன்று பால்கோனே வைத்திருப்பவர் தம் வண்டியின் சட்ட இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார். அச்சட்டத்தைப் பற்றவைத்தவர் யாரென்று வினாவுகின்றவர் அரியர்.

சட்ட இலக்கம் என்றதும் இன்னொரு சிக்கல் முளைக்கிறது. பழைய வண்டிகளின் சந்தையில் எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் மூலப் பதிவோடு பொருந்துவது பெரும் விலைக்குரிய தகுதி. எழுபது ஆண்டுகளில் பிஸ்டன் மாறியிருக்கும். சக்கரக் கம்பிகள் மாறியிருக்கும். ஆசனத் தோல் மாறியிருக்கும். வர்ணம் மும்முறை பூசப்பட்டிருக்கும். தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் குறித்த பழைய வினாவே இது: பலகைகள் எல்லாம் மாறியபின் அது அதே கப்பலா? எதென்ஸ் நகரத்துத் தத்துவவாதிகள் விவாதித்ததைச் சந்தை வியாபாரி உலோகத்திற் பொறித்த இலக்கத்தால் முடித்துவிடுகிறான்.

எனக்கு அத்தீர்வு உடன்பாடன்று. நன்னூலார் தற்கிழமையின் வகைகளுள் ‘திரிபின் ஆக்கம்’ என ஒன்றையுங் கூறுவார். நெல்லினது பொரி அதற்கு எடுத்துக்காட்டு. நெல் பொரியாகிவிட்டது; உருவம் மாறிவிட்டது; ஆயினும் அக்கிழமை அறவில்லை, அது தற்கிழமையாகவே எண்ணப்படுகிறது. மாறாதிருத்தலன்று, மாற்றத்தின் தொடர்ச்சியே அங்கு உறவாகிறது. எழுபது ஆண்டுகளாக ஓடியும் தேய்ந்தும் திருத்தப்பட்டும் வந்த வண்டி அத்தகைய தொடர்ச்சி உடையது. இலக்கங்கள் எல்லாம் பொருந்தி, கண்ணாடிக் கூண்டில் எண்ணெயின்றி நிற்கும் வண்டியிலே அத்தொடர்ச்சி அறுந்துபோயிற்று. இத்தாலியர் புதுப்பிக்கப்பட்ட வண்டிக்கும் பழமை குலையாமல் பேணப்பட்ட வண்டிக்கும் வெவ்வேறு சொல் வைத்திருக்கின்றனர். பின்னதைச் சிலர் உயர்வாக மதிக்கின்றனர். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிடப் பளபளப்பாக முலாம் பூசுவோரை நோக்க, அவர்கள் சுவை மேலானது என்பேன்.

அரிஸ்ற்றோட்டில் தமது அரசியல் நூலிலே காலணியை உதாரணங் காட்டி, அணிவது ஒரு பயன், மாற்றிக்கொள்வது இன்னொரு பயன் என்றார். மார்க்ஸ் அங்கிருந்தே பயன்மதிப்பு, மாற்றுமதிப்பு என்ற பாகுபாட்டை வளர்த்தெடுத்தார். பழைய வண்டிகள் இன்று ஏலத்தில் ஏறுகின்றன. விலை ஏறுமென்று வாங்கியவன் அதனை ஓட்ட அஞ்சுகிறான். ஒவ்வொரு மைலும் அவனுக்கு நட்டம். அவனிடம் பத்திரம் இருக்கிறது, வண்டியோ இல்லை. ‘வைத்திருத்தல்’ என்ற ஒரே புலன் மனிதனின் ஏனைய புலன்களையெல்லாம் விழுங்கிவிடுகிறது என்று மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் பிரதிகளிலே காட்டுவார். எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் நோயை உணரும் காது அக்கூண்டுக்காரனுக்கு வாய்க்கப்போவதில்லை.

இவ்விடத்தில் ஒரு கண்டனம் எழும், எழவும் வேண்டும். இதெல்லாம் வயிறு நிறைந்தவனின் வேதாந்தமல்லவா? 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், எம்மவர் பழைய ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலால் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். காபரேற்றரைக் கழற்றி மாட்டிய கைகள் அங்கே தத்துவம் பேசவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கவே அவை முயன்றன. 1946இன் இத்தாலியத் தொழிலாளியும் சிறு எஞ்சினைத் தன் சைக்கிளிற் பூட்டியது கலையின்பத்துக்காகவன்று. கட்டாயத்தினால் செய்யும் பராமரிப்பையும் விரும்பிச் செய்யும் பராமரிப்பையும் ஒன்றாக்கி, பஞ்சத்தைப் பண்பாடாக மெச்சுவது பெரும் அநியாயம். புதிய உதிரிப்பாகம் வாங்கக்கூடியவன் பழையதைத் திருத்துவது ஒரு தெரிவு. வாங்க இயலாதவன் திருத்துவது ஒரு சுமை. ஆனால் அச்சுமையிலிருந்தும் ஓர் அறிவு பிறந்தது என்பதை மறுக்க முடியாது. துன்பம் நீங்கவேண்டும் என்பதற்காக அவ்வறிவும் நீங்கவேண்டியதில்லை.

புகைபற்றிய கண்டனம் இன்னும் கடுமையானது. பழைய எஞ்சினுக்குப் புகைவடிகட்டும் அமைப்பு இல்லை. அதன் ஒலியை இசையென்பவன் ஒருவன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அது தூக்கக்கேடு. மிலான் நகரம் 2019 முதல் அதிகம் மாசுபடுத்தும் பழைய வாகனங்களின் நுழைவைப் பெரும்பகுதியில் கட்டுப்படுத்தியிருக்கிறது. வண்டி உன்னுடையது, காற்று உன்னுடையதன்று. புதிய வண்டி செய்வதற்கும் உருக்கும் நிலக்கரியும் செலவாகின்றனவே என்ற மறுமொழியில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் தனக்கு இன்பந் தரும் கணக்கை மட்டும் போடுபவனை நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டும். இருபதாயிரம் மைல் ஓடும் வேலைக்கார வண்டிக்கும் ஞாயிறுதோறும் ஏரிக்கரை சுற்றும் வண்டிக்கும் ஒரே சட்டம் பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அச்சட்டத்தை இயற்றும் உரிமை வண்டிக்காரர் சங்கத்துக்கு அன்று, மூச்சுவிடுவோர் அனைவருக்கும் உரியது.

இத்தாலியில் முப்பது ஆண்டு கடந்த வண்டிகள் வருடாந்த உடைமை வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளன. வீதியில் ஓட்டினால் சிறு கட்டணம் மட்டுமே. பழைய வண்டியைத் தனியொருவன் பொருளாக மாத்திரமன்றிப் பொதுமரபின் ஒரு கூறாகவும் அரசு கருதுகிறது என்றே இதனை நான் விளங்கிக்கொள்கிறேன். அவ்வாறாயின் உரிமையாளன் அம்மரபுக்குத் திருப்பிக் கொடுப்பது யாது? வண்டியைத் துடைத்து வைப்பது போதாது. தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளுவது எவ்வாறென்று அயல்வீட்டு இளைஞனுக்கு அவன் கற்பித்தானா? அவனது கையிலே ஸ்பனரைக் கொடுத்து, தவறாகத் திருகினாலும் பொறுத்திருந்தானா? மாண்டெல்லோவில் தொழிற்சாலையோடு ஒட்டிய நூதனசாலை ஒன்று உண்டு. அங்கே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் உதைகோலை எவ்வளவு வேகத்தில் மிதிக்க வேண்டுமென்பதை எந்த நூதனசாலையும் காட்சிக்கு வைக்க முடியாது. அது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கே போகவேண்டும். கூட்ஸியின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களிலே இளமையில் கைபழகிய பழைய மெக்கானிக்குகளோ வருடந்தோறும் குறைந்துவருகின்றனர்.