தாங்கிக்கொள்ளும் இரக்கம்



குன்றின்மேல் உள்ள ஆலயத்துக்கு நம்மில் பலர் படியேறிப் போயிருக்கிறோம். பாதி வழியிலேயே கால் கடுக்கும், மூச்சு வாங்கும். தசைகளில் உண்டாகும் லாக்டிக் அமிலம் அப்போது இரத்தத்தில் கலக்கிறது. ஆனாலும் நலமாக உள்ளவரின் இரத்தம் 7.35 முதல் 7.45 வரையிலான பிஎச் மதிப்பை விட்டு எளிதில் விலகுவதில்லை. இவ்வளவு குறுகிய எல்லைக்குள் நம்மைக் காப்பது எது?

நம் பிள்ளைகள் வேதியியல் பாடத்தில் படிக்கும் தாங்கல் கரைசல்தான். வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் இணைக் காரமும் அதில் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பிஎச் 7-லிருந்து 2-க்கு விழுந்துவிடும். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் 0.1 மோல் வீதம் உள்ள ஒரு லிட்டர் கரைசலில் அதையே விட்டால், 4.76 என்பது ஏறக்குறைய 4.67 ஆகும்; அவ்வளவுதான்.

நம் இரத்தத்தில் இந்தப் பணியைச் செய்பவை கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும். வந்து சேரும் ஹைட்ரஜன் அயனியைப் பைகார்பனேட் ஏற்றுக்கொண்டு, தானே கார்பானிக் அமிலமாக மாறுகிறது. அது நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிய, நாம் மூச்சாக வெளியே விடுகிறோம். வலிமை மிக்க அமிலத்தின் இணைக்கு இப்படி ஏற்றுக்கொள்ளும் நாட்டம் இல்லை. வலிமை குறைந்ததன் இணைக்கே அது உண்டு. தம் வலுவின்மையில் ஆண்டவரின் அருளைக் கண்ட பவுலடியார் நம் நினைவுக்கு வருகிறார் அல்லவா?

அன்பானவர்களே, வீட்டில் ஒரு கடுஞ்சொல் விழும்போது நாம் என்ன செய்கிறோம்? கணவர் சொன்னதைப் பிள்ளையிடமும், மேலாளர் சொன்னதை மனைவியிடமும் இறக்கி வைக்கிறோமா? அல்லது அந்தக் கசப்பு நம்மோடு நிற்கட்டும் என்று இரக்கத்தோடு ஏற்கிறோமா?

இதைக் கேட்கும்போதே சிலருக்குக் கண் கலங்கலாம். “எத்தனை காலந்தான் சாமி தாங்குவது?” என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. தாங்கல் கரைசலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. உள்ள காரமெல்லாம் தீர்ந்த பிறகு வரும் அமிலத்தை அதனால் தாங்க முடியாது. அது அதன் குற்றமன்று. உங்கள் பொறுமை தீர்ந்துபோனதும் பாவமென்று மனம் வெதும்பாதீர்கள். கொடுமையை வாய்மூடிச் சகிக்கும்படி ஆண்டவர் கேட்பதில்லை. பாதுகாப்பைத் தேடுங்கள், நம்பிக்கைக்குரியவரிடம் சொல்லுங்கள்.

உடலும் தனித்துவிடப்படவில்லை. நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற, சிறுநீரகங்கள் செலவான பைகார்பனேட்டை மீண்டும் உண்டாக்கித் தருகின்றன. அவ்வாறே நம்மைப் படைத்தவர், தீர்ந்துபோன நம் உள்ளத்தையும் நிரப்புகிறார். செபத்தில் அழுது தீருங்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் பாரத்தை இறக்குங்கள். திருவிருந்துக்கு வாருங்கள். நம் இரக்கத்துக்கு அளவுண்டு. அவருடைய இரக்கத்துக்கு அளவே இல்லை. அதிலிருந்து பெற்று, இந்த வாரம் ஒருவரையாவது மன்னிப்போம். ஆமென்.