மறைத்த கணக்கும் மழலையின் நலமும்

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதப் பொருளைச் செலவிட்டு, நம் கௌரவத்தைக் காத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? வணிகப் பெருமக்களாகிய நாம் அனைவரும் "இல்லை" என்றே விடை பகர்வோம். ஆயினும் குழந்தைகளின் நோய் விஷயத்தில் நம்மில் சிலர் அவ்வாறே நடந்துகொள்கிறோம்.

பால் குடிக்கும் குழந்தை எடை ஏறாது மெலிகிறது, வயிறு உப்புகிறது, மலம் எண்ணெய்ப் பசையுடன் போகிறது. உடனே "தாய்ப்பால் சரியில்லை" என்று பெற்றவள் மீது பழி விழுகிறது. இதற்குச் சாதாரணக் காரணங்கள் பல உண்டு. மிக அரிதாக, உண்ட கொழுப்பைக் குடலிலிருந்து இரத்தத்திற்கு அனுப்பும் ஏற்பாடே பிறவியில் குறைபட்டிருக்கும். சரக்கு வந்து இறங்குகிறது. ஏற்றிச் செல்ல வண்டி இல்லை!

அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா எனும் அத்தகைய நோயை, 1950-இல் பாசன், கார்ன்சுவைக் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 18 வயதுப் பெண்ணொருத்தியிடம் கண்டு எழுதினர். அவளுடைய பெற்றோர் நெருங்கிய உறவினர். இரத்தத்தில் கொழுப்பு மிகக் குறைந்திருப்பதும், சிவப்பணுக்கள் முள்முள்ளாய்த் தோன்றுவதும் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும். மரபணுச் சோதனை அதனை உறுதி செய்யும்.

குறையுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி இந்நோய் தோன்றாது. இருவரும் நல்ல உடல்நலத்துடனே இருப்பர். எனினும் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் வர 4-இல் 1 பங்கு வாய்ப்புண்டு. எனவே தாயை மட்டும் பழிப்பது, பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் படித்து ஐந்தொகை போடுவதாகும். உண்மையில் இது இருவர் குற்றமும் அன்று.

"வெளியே தெரிந்தால் மற்றப் பிள்ளைகளின் திருமணம் என்னாவது?" என்பர் சிலர். இக்கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் கொழுப்புக் குறைந்த உணவும், மருத்துவர் மேற்பார்வையில் மிகுதியான வைட்டமின் ஈ-யும் சிறுவயதிலேயே தொடங்கினால் கண்ணும் நரம்பும் பெரிதும் காக்கப்படும். காலந்தாழ்த்திக் கெட்டவற்றைப் பெரும்பாலும் மீட்க இயலாது. நாம் மறைக்கிறோம், நட்டத்தைக் குழந்தையன்றோ செலுத்துகிறது?

கடைத்தெருவிற்குச் சொல்ல வேண்டியதில்லை; அது குடும்பத்தின் அந்தரங்கம். ஆனால் மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. உறவிற்குள் சம்பந்தம் பேசும் உடன்பிறந்தாரிடமும் மறைத்தல் கூடாது; அதே மரபணு அவர்களிடமும் இருக்கக்கூடும். நட்டம் யாரைச் சாருமோ, அவருக்குக் கணக்கைக் காட்டுவதே நேர்மை. இவ்விதியைக் கடையில் கடைப்பிடிக்கும் நாம், இல்லத்தில் கைவிடலாமா?