பல கருவியும் ஓர் அறிவும்

ஆனி ஆடித் திங்களில் தென்காசியில் எம் இல்லத் திண்ணைக்கண் இருப்பார்க்குக் குற்றாலத்துப் பேரருவி தோன்றாது. ஆயினும் மேற்றிசை மலைமுகடு முகிலால் மூடுண்டமையைக் கண் காணும். சாரற்காற்றின் தண்மையை மெய் உணரும். அருவி பெருகிற்றென்று அறிவு துணியும். கண் தண்மையை அறியாது. மெய் முகிலை அறியாது. இரண்டையும் கூட்டி அறிவது அவற்றின் வேறாய உயிரே என்பது சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தின் வழிப்பட்ட துணிபு.

இதற்கு இயைந்ததோர் எடுத்துக்காட்டு இந்நாள் வானநூலாரிடத்தும் உளது. நம் பால்வழி மண்டலத்தின் நடுவே, தனுவிராசித் திசையில், ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில், 40 இலட்சம் ஞாயிறுகளின் நிறையுடைய கருந்துளையொன்று உளது. அதனகத்தினின்று ஒளி வெளிப்படாது. அதனைச் சூழ்ந்து சுழலும் கொதிநிலை வாயுவே இடையிடையே மிக்கு ஒளிரும். கட்புலனாம் ஒளியை இடைநின்ற தூசி மறைத்தலின், எக்ஸ்கதிர், அகச்சிவப்புக் கதிர், ரேடியோ அலை என்பவற்றால் அதனை ஆராய்வர். தமிழ்க் குடியிற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரர் பெயர் தாங்கிய சந்திரா விண்கலம் 2000-ஆம் ஆண்டில் எக்ஸ்கதிர் ஒளிர்வைக் கண்டது. 2003-இல் சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளிர்வைக் கண்டது.

பின்னர்ப் பல கருவிகளை ஒரே பொழுதில் அத்திசை நோக்கி நிறுத்தினர். எக்ஸ்கதிர் ஒளிர்ந்துழி அகச்சிவப்பும் ஒளிர்ந்தது. அகச்சிவப்பு ஒளிர்ந்துழியெல்லாம் எக்ஸ்கதிர் ஒளிர்ந்திலது. புகையுள்வழி நெருப்புண்டு, நெருப்புள்வழியெல்லாம் புகையில்லை என்னும் தருக்கநெறி இதுவேயன்றோ? எக்ஸ்கதிர்க் கருவி ஒன்றே கொண்டு நோக்கி, "ஒளிர்வு இன்று" என்பான் பிழைபடுவான்.

அற்றேல், இக்கருந்துளையே ஆணவ மலம் எனலாமோ எனின், ஆகாது. யாமும் முன்னொருகால் ஓர் அவையில் அங்ஙனம் கூறிக் கைதட்டல் பெற்றேம். அப்போது இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, கருந்துளைக்கு நிறை கணித்துள்ளனர், ஆணவத்தின் நிறை யாது?" என வினவினார். யாம் வாய்வாளாதிருந்தேம். அவ்வினா எமக்கு ஆசிரியனாயிற்று.

கருந்துளை மாயையின் காரியமாகிய சடப்பொருள். புறவிருள் பிறவற்றை மறைப்பினும் இருளென்று தன்னை அறியவிடும். ஆணவமோ தன் இருப்பையும் அறியவிடாது என்பது திருவருட்பயனின் கருத்து. இக்கருந்துளையின் நிழலைத்தானும் 2022 மே 12-இல் படமாக வெளியிட்டனர். படத்தில் அகப்படுவது ஆணவமாதல் யாங்ஙனம்?

ஒரு கருவி காட்டியதைப் பிறவற்றோடு ஒப்புநோக்கியன்றி அவர் துணியார். நாமோ ஒருபுடை ஒப்புமை கண்ட அளவிலே, "எம் முன்னோர் அன்றே கூறினர்" என்று ஆர்த்தெழுகின்றோம். இஃது அவர் உழைப்பையும் இகழ்தல். நம் சாத்திரத்தையும் இகழ்தல். அளவை நூல் கற்றார்க்கு இது தகாது.

கருவிகள் எத்துணை கூடினும் அவை காட்டுவது பாசமே. காண்பது உயிர், அவ்வுயிர்க்குக் காட்டுவது திருவருள். இவ்வரம்பு அறிந்து, வானநூலார் கண்டதை அவர் கண்டவாறே கொள்ளுதல் சைவர்க்கு இழுக்கன்று, கடன் என்பது எம் துணிபு.