பிறப்பொடு வரும் சுரமும் பழியும்

ஒரு குழந்தைக்குக் கொடுநோய் வந்தவிடத்து, மருந்து யாது என்னும் வினாவுக்கு முன்னரே எழுவது, இது யாரால் வந்தது என்னும் வினா. அந்நோய் பிறப்பொடு வந்ததென்று மருத்துவர் கூறிவிடின், வினா இன்னுங் கூர்மையடைந்து தாயையும் தந்தையையும் சுடுகின்றது. காரணத்தை அறிதலும் குற்றஞ் சுமத்துதலும் ஒன்றாமோ என்பதை, மத்தியதரைக் கடற் குடும்பச் சுரம் என வழங்கும் நோயொன்றை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அது துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அராபியர் முதலாயினாரிடத்துப் பெரிதுங் காணப்படுவது. பெரும்பாலும் 20 வயதுக்குள் தொடங்குவது. யாதொரு கிருமியும் புகாதிருக்கவே கடுஞ் சுரம் எழும். வயிற்றையோ மார்பையோ மூட்டையோ பற்றித் தாங்கொணா வலி உண்டாகும். 1 முதல் 3 நாளில் இரண்டும் தாமே நீங்கும். சில வாரமோ சில திங்களோ கழித்து மீண்டும் வரும். இடைநாட்களில் நோயாளர் பிறரைப் போல ஓடியாடித் திரிவர். இந்நலமே அவர்க்குப் பகையாயிற்று. முன்னாள் உருண்டு புரண்டு அழுத சிறுவன் மறுநாள் விளையாடக் கண்டோர், அவன் நடிக்கின்றான் என்றனர். வலி மிக்க நாளிலோ, குடல்வால் அழற்சியென்று பிழையாகக் கருதி வயிற்றைக் கீறினோரும் உளர். 1945-இல் நியூயார்க்கு மருத்துவர் ஷெப்பர்டு சீகல் இதனைத் தனி நோயாக விளக்கியபோது, தீங்கற்றது என்னும் அடைமொழி கொடுத்தே பெயரிட்டார். அவ்வடை பொருந்தாமை பின்னர் வெளிப்பட்டது. அழற்சி மீண்டும் மீண்டும் எழுதலால் அமிலாய்டு என்னும் புரதப் படிவு சிறுநீரகத்திற் சேர்ந்து, மருந்தின்றி விடப்பட்டோர் பலரை மாய்த்தது.

இதன் வித்து 1997-இல் அறியப்பட்டது. ஆராய்ச்சிக் குழுக்கள் இரண்டு, 16-ஆம் குரோமோசோமிலுள்ள மரபணு ஒன்றிற் பிறழ்வு இருத்தலைத் தனித்தனியே கண்டன. அம்மரபணுவால் ஆகும் பைரின் என்னும் புரதம் வெள்ளணுக்களிற் காவலன் போல்வது. சில கிருமிகளின் நஞ்சு உயிரணுவின் உட்செயலைக் கெடுக்குங்கால், அக்கேட்டை உணர்ந்து விழித்து, இன்டர்லூக்கின்-1 என்னும் பொருளை வெளிவிடச் செய்து சுரத்தையும் அழற்சியையும் எழுப்புவது அதன் தொழில். பிறழ்ந்த பைரினோ கள்வன் வாராமலே கூக்குரலிடுகின்றது.

அற்றாயின், அவ்வித்தைத் தந்த பெற்றோரன்றோ குற்றவாளிகள் எனின், அன்று. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பிறழ்ந்த மரபணு இரண்டு கூடியவிடத்தே பெரும்பாலும் இந்நோய் தோன்றும். ஒன்று மட்டும் உடையார் பொதுவாக நலமாகவே வாழ்வர். தம்மிடம் அஃதுண்டென்பதை அறியார். அத்தகைய இருவர்க்குப் பிறக்கும் மகவு ஒவ்வொன்றுக்கும் அவ்விரண்டும் வந்து கூடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என நம்மனோர் பகுத்துரைப்பர். இவற்றுள் அறிவும் எண்ணமும் உடையான் குயவன் ஒருவனே. குடம் கோணிற்றென்று சக்கரத்தை வைவார் இலர். பெற்றோர் இப்பிறழ்வைத் தேர்ந்தளித்தாரல்லர். அவர்வழியாக அது வந்தது. வழியாதல் வேறு, செய்வோனாதல் வேறு. ஈண்டுக் குயவன் யாவன் என்னும் பெருவினாவோ, விரிப்பிற் பெருகுமாதலின் பிறிதோரிடத்து ஆராயற்பாலது.

இன்னும் ஒன்று. சில சமூகத்தாருள் பத்தில் ஒருவர்க்கு மேல் இப்பிறழ்வைத் தாங்கியிருத்தல் எற்றுக்கு? 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பிளேக்குக் கிருமி பைரினை அடக்கித் தப்புவதென்றும், பிறழ்ந்த பைரின் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை என்றும் காட்டிற்று. எனவே, பிளேக்கு ஊர்களை வெறுமையாக்கிய காலங்களில் இதனை உடையார் மிகுதியாகப் பிழைத்து மக்களைப் பெற்றிருத்தல் கூடுமென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பாட்டனைக் காத்ததே பேரனை வருத்துகின்றது போலும்! இதனை முன்னோர் பட்ட கடன் என்று சொல்லல் எளிது. யாமும் முதலில் அங்ஙனமே எண்ணினேம். கடனாயின் அறிந்து வாங்கினோன் ஒருவன் வேண்டும். ஈண்டு அத்தகையோன் இலன்.

எல்லாம் முன்வினை என்று சொல்லி அமைவாரும் உளர். வினைக்கொள்கையை மறுத்தல் எமது கருத்தன்று. ஆயின் அஃது ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் துணையாவதன்றி, அயலான் துன்பத்தைக் கண்டு வாளாவிருத்தற்கு ஏதுவாகாது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளினார் என்பதை யாவரும் அறிவர். அவ்வடியாருள் யார் என்ன வினை செய்தார் என்று பிள்ளையார் ஆராய்ந்தாரல்லர். வினையைக் காட்டி உய்யுநெறி நாடாதிருத்தலையே பதிகத்தின் தொடக்கத்திற் குறையாகச் சுட்டினார்.

பழி சுமத்துதலால் விளையுங் கேடு சிறிதன்று. பழிக்கஞ்சிய குடும்பம் நோயை மறைக்கும். மறைத்தவழி, உடன்பிறந்தாருள் அந்நோயையே மெல்லிதாக உடைய பிள்ளை சோதிக்கப்படாமற் போகும். சிறுநீரகம் கெட்ட பின்னரே உண்மை வெளிப்படும். மருந்தோ உண்டு. கௌட்டு என்னும் மூட்டுநோய்க்கு நெடுங்காலம் வழங்கிவந்த கால்ச்சிசினை நாடோறும் உட்கொண்டோர்க்கு இச்சுரம் வருதல் குறைந்தமையை, 1972-இல் பாஸ்டன் மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்பிங்கர் எழுதி வெளியிட்டார். பிற்பட்ட ஆராய்ச்சிகள் அதனை உறுதிசெய்தன. சிறுநீரகப் படிவு தடைப்படுதலும் தெளிவாயிற்று. (அப்பொருள் நம் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ளது, தமிழ்நாட்டில் அது விதைக்காகவே பயிரிடப்படுகின்றது. கொடிய நஞ்சாதலின் அதனைக் கைம்மருந்தாகக் கொள்ளற்க.)

அம்மருந்தைச் சுரமுற்ற நாளில் மட்டுமன்று, நலமாயிருக்கும் நாளிலும், வாழ்நாள் முழுதும் கொள்ளல் வேண்டும். வலியில்லாத நாளில், எனக்கு இஃது எதற்கு என்று பிள்ளை கேட்கும். அதற்கு விடைசொல்லி மாத்திரையைக் கையிற் கொடுக்க வேண்டியவர் பெற்றோரே. உன்னால் வந்தது என்று சுற்றத்தார் சொல்லக் கேட்டுத் தலைகுனிந்த தாய், அதனை எங்ஙனம் நாடோறும் செய்வாள்?