கடல் பெரிது என்பது பதிலாகுமா?

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, நம் மூலக்குளத்துச் சகோதரர் ஒருவர் பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே கிழிந்துபோன குர்ஆன் பக்கங்கள், மதரஸா பிள்ளைகளின் பழைய கிதாபுகள், பிஸ்மில்லாஹ் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகள். "குப்பையில போட மனசு வரல ஹஜ்ரத். வீராம்பட்டினம் போய் கடல்ல விட்டுட்டு வரேன்" என்றார்.

"பையோடவா?" என்று கேட்டேன்.

"கடல் எவ்வளவு பெருசு ஹஜ்ரத்! ஒரு பையால என்ன ஆயிடப் போகுது? கடல் தண்ணி நஜீஸ் ஆகாதுன்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க" என்றார்.

அவருடைய நிய்யத் நல்லது. பாடமும் சரிதான். கடலில் பயணம் செய்த ஒருவர் கடல் நீரில் ஒளூச் செய்யலாமா என்று கேட்டபோது, அது தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதாகத் திர்மிதி, அபூதாவூத் கிரந்தங்களில் காண்கிறோம். ஆனால் அது தொழுகைக்கான சட்டம். அந்த நீரில் எதையும் கொட்டலாம் என்ற அனுமதி அல்ல. தண்ணீர் சுத்தமா என்பது ஒரு கேள்வி. பிறருக்குத் தீங்கு செய்தோமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதற்குச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

அந்தப் பை எங்கே போகும்? ஒரு மீனவரின் வலையில் சிக்கும். மீனுக்காக இரவெல்லாம் காத்திருந்தவர் நம் குப்பையை இழுத்துக் கரைக்குக் கொண்டுவருவார். இல்லையென்றால் வாயில்லா ஜீவன் ஒன்று அதை இரையென்று விழுங்கும். கடல் தூரம் என்று நாம் சொல்ல முடியாது. வில்லியனூர் வழியாக ஓடும் சங்கராபரணி ஆறு கடலில்தான் போய்ச் சேருகிறது. ஆற்றங்கரையில் வீசியதை மழைவெள்ளம் கடலுக்குக் கொண்டுபோகிறது.

2021-ஆம் ஆண்டு கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. மீனவர்களின் பிழைப்பு கெட்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தக் கப்பலுக்குப் பெயர் இருந்தது, உரிமையாளர் இருந்தார், அதனால் நீதிமன்றம் பிடித்தது. நாம் வீசும் பையில் யார் பெயர் இருக்கிறது?

இங்கேதான் நாம் பயப்பட வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த தவறுக்குத் தவ்பா செய்யலாம். அடியார்களின் ஹக்கில் செய்த தவறுக்கு அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். தெருவில் ஒருவரைத் தள்ளிவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். கடலில் போட்ட பை யாருடைய வலையைக் கெடுத்தது என்று நமக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கடல் பெரிது என்பது குற்றத்தைச் சிறிதாக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழியைத்தான் அடைக்கிறது.

கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்த உவமையை நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் இது புகாரியில் உள்ளது. அவர்களின் எண்ணமும் நல்லதுதான். ஆனால் தடுக்காவிட்டால் கப்பலில் உள்ள அனைவரும் மூழ்குவார்கள்.

அந்தச் சகோதரர் பையை என்னிடமே கொடுத்தார். பக்கங்களைத் தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் அடக்கம் செய்தோம். மார்க்க அறிஞர்கள் காட்டிய வழி அது. உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் இருந்தால் பள்ளிவாசலுக்குக் கொண்டு வாருங்கள். பெருநாள் மாலை பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும்போது ஒரு காலிப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். தின்ற குப்பையை அதில் போட்டு வீட்டுக்கே கொண்டு வாருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைப் போடாமல் இருப்பது அதற்கும் முந்தியது அல்லவா?

முகம் தெரியாத மனிதர்களின் ஹக்கைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்கும் நிலையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.