முன்னணி மன்றங்களின் கடமை

புனே எரவாடாவில் மைதானம் வைத்திருக்கும் பூனா கிளப் போன்ற முன்னணி கோல்ஃப் மன்றங்களுக்குப் பிறருக்கு உதவும் கடமை உண்டா? உண்டு, இந்திய கோல்ஃப் வரலாறே அதற்குச் சான்று. 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், டெல்லியில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்த கேடி. 2016, 2017 என அடுத்தடுத்து அதே பட்டத்தை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன். உறுப்பினர் சந்தா கட்ட வசதியில்லாத வீடுகள் தந்த வெற்றிகள் இவை. வேலிக்குள் நுழைய வழி கிடைத்ததால் இவர்கள் வென்றார்கள். கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ!

உறுப்பினர் பணத்தில் நடக்கும் தனியார் மன்றத்துக்குத் தானம் வேலையல்ல என்று சிலர் வாதிடலாம். பணம் அவர்களுடையதுதான். ஆனால் நெரிசல் மிகுந்த நகரில் பரந்த திறந்தவெளி, புல்லுக்குப் பாயும் நீர், வெயிலில் உழைக்கும் கைகள் எல்லாம் ஊர் தந்தவை. பெற்றதைத் திருப்பித் தருவதற்குத் தானம் என்று பெயரில்லை. கேடிகளுக்கு மருத்துவக் காப்பீடு, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு வாரம் ஒரு காலை இலவசப் பயிற்சி, பாசனத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர்: இவற்றைப் பெரிய மன்றங்கள் தொடங்கினால் சிறியவை பின்தொடரும். முன்னால் நிற்பவர்களே முதலில் செய்ய வேண்டும்.